ஆறு மணிக்கு ஆதம்பாக்கம்

காம்போதியை எடுத்துவிட்டாள். சாயங்காலம் நாலு இருபதுக்கு ஒருத்தி காம்போதியை எடுத்தால் அது எப்போது முடியும் என்று எடுத்தவளுக்கே தெரியாது. நான் ஒரு பந்துவராளியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். போன வாரம் தி.நகரில் அதைத்தான் பாடினாள், ராகம், பாட்டு, ஸ்வரம், தனி எல்லாம் முக்கால் மணியில் முடிந்து மங்களம் பாடி எழுந்துவிட்டோம். இன்றைக்கு இவளுக்கு என்ன வந்தது. ராகம் பாடும்போது மிருதங்கக்காரனுக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்பதற்காக எழுந்து போய்விட முடியாது. முந்நூறு பேர் எதிரே சம்மணம் போட்டு, மிருதங்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு ரசித்துக்கொண்டிருக்க வேண்டும். ரசித்தால் மட்டும் போதாது, ரசிப்பது வெளியே தெரியவும் வேண்டும். அவள் நல்ல பிடியாக ஒன்று பிடித்தால் நான் ‘ஆஹா’ சொல்ல வேண்டும். அந்த ஆஹா கொஞ்சம் முந்தினால் நடிப்பு, கொஞ்சம் பிந்தினால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அது வாய்ப்பழக்கமாகிவிட்டது, மனசு ஆதம்பாக்கத்தில் இருந்தாலும் வாய் சரியான இடத்தில் சொல்லிவிடுகிறது. இதோ சொன்னேன். சுகந்தா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சிரிக்காதே அம்மா, பாடி முடி.

எதிரே வாசல் கதவுக்கு மேல் கடிகாரம். யாரோ தன் அப்பாவின் ஞாபகமாகச் சபாவுக்குக் கொடுத்தது, அப்பாவின் பெயரை நடுவில் பெரிதாக எழுதியிருப்பதால் முள் எங்கே இருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாலு இருபத்தைந்து. கச்சேரி மூன்று மணிக்கு ஆரம்பம், ஐந்தரைக்கு முடிய வேண்டும், இது சபாவின் கணக்கு. சுகந்தா எப்போதும் கால் மணி முன்னாலேயே முடிக்கிறவள், இது என் கணக்கு. ஐந்தேகாலுக்கு மங்களம், ஐந்து இருபதுக்குப் பின்வாசல், அங்கே டில்லிபாபு ஆட்டோவோடு நிற்கிறார், வண்டிக்குள் தாழ்ந்த ஸ்ருதிக்கான என்னுடைய இன்னொரு மிருதங்கம் உறை போட்டுத் தயாராக இருக்கிறது, ஆறு மணிக்கு ஆதம்பாக்கம். காலையிலிருந்து இந்தக் கணக்கை நூறு தடவை போட்டாயிற்று. நூறு தடவையும் சரியாக வந்தது, கணக்கில் காம்போதி இல்லை. ஆறு மணிக்கு ஆதம்பாக்கத்தில் ஒரு சின்ன ராமர் கோயிலில் என் சிநேகிதன் பட்டாபி பாடுகிறான். நாலு வருஷம் கழித்துப் பாடுகிறான். தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள், கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. ஒரு வருஷம் சிலேட்டில் எழுதிக் காட்டினான். அப்புறம் பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. போன ஆடியில் ஒரு நாள் போன் பண்ணி, ஒரு வார்த்தை பேசாமல், ஸ்ருதிப் பெட்டியைப் போட்டு ஒரு ஸட்ஜத்தைப் பிடித்து நிறுத்தினான். முன்பு இரண்டு கட்டையில் பாடினவன், இப்போது ஒரு கட்டைக்கு இறங்கியிருந்தான், ஆனால் சுத்தமாக நின்றது. நான் காய்கறிக்கடை வாசலில் பையோடு நின்று அழுதேன். குரல் வந்ததே தவிர அதை நம்ப முடியாது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று அடைத்துக்கொள்ளும், அரை நிமிஷம் ஒரு நிமிஷம் வெறும் காற்று வரும், பிறகு திறந்துகொள்ளும். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தோம். அடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் அவன் இடது கையைத் தொடையில் வைப்பான், உடனே நான் அந்த இடத்தை மிருதங்கத்தால் எடுத்துக்கொள்வேன், எனக்கு வேண்டுமென்றே இடம் விட்ட மாதிரி அவன் தாளம் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக இருப்பான். எட்டு புதன்கிழமை ஒத்திகை பார்த்தோம். அவன் மனைவிக்குக் கூட இது தெரியாது. கோயிலில் ஏழு மணிக்கு ஸ்வாமி புறப்பாடு, அதற்குள் பாடி முடித்தாக வேண்டும், இருப்பது ஒரே ஒரு மணி நேரம். ஏழு மணிக்குப் போய் நின்றால் எனக்குப் பொங்கல்தான் கிடைக்கும்.

இரண்டையும் எப்படி ஒரே நாளில் ஒப்புக்கொண்டாய் என்று யாராவது கேட்டால் நான் என் மாமனாரைத்தான் காட்ட வேண்டும். பட்டாபி தேதி சொல்லவில்லை. ‘மார்கழி புனர்பூசத்துக்கு நம்ம கோயில்ல பாடறேன், நீதான் வாசிக்கணும்’ என்றான். கோயில்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நட்சத்திரம் சொன்னால் தேதியை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். சமையலறையில் தொங்கும் காலண்டரைப் பார்த்தேன், புனர்பூசம் திங்கள்கிழமை என்று போட்டிருந்தது, டைரியில் திங்கள் என்று எழுதினேன். மறுநாள் சுகந்தா ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டாள், ஞாயிறு காலி, ஆகட்டும் என்றேன். எங்கள் வீட்டுக் காலண்டர் திருக்கணிதம். அந்தக் கோயில் வாக்கியம். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் முடிகிற நேரத்தில் சில மணி வித்தியாசம் வரும், சில மாதம் அந்த வித்தியாசத்தில் ஒரு நாளே தள்ளிப்போய்விடும். கோயில் கோயிலாக வாசித்தவனுக்கு இது தெரியாதா. தெரியும். போன வருஷம் கடம் வாசிக்கிற ஒருவருக்கு நானே இதை உபதேசம் பண்ணியிருக்கிறேன். என் மாமனார் திருக்கணிதத்தில் வைராக்கியமுள்ளவர், பெண்ணோடு சேர்த்துப் பஞ்சாங்கத்தையும் கொடுத்தனுப்பினார், வருஷா வருஷம் அந்தக் காலண்டர் தபாலில் வந்துவிடும். இன்று காலை எட்டு மணிக்குப் பட்டாபி போன். ‘ஆறுக்கு ஆரம்பம்டா. அஞ்சே முக்காலுக்கே வந்துடு, ஸ்ருதி சேர்த்துக்கணும்.’ அப்போதே ‘இன்னிக்கா’ என்று கேட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அவன் என்னைத் திட்டியிருப்பான், நான் பஞ்சாங்கத்தைத் திட்டியிருப்பேன், இரண்டு பேரும் சேர்ந்து யோசித்திருப்போம். ‘வந்துடறேன்டா’ என்றேன். தோசை வார்த்துக்கொண்டிருந்த வேதவல்லி கேட்டாள், ‘எங்க வந்துடறேள்? இன்னிக்கு சுகந்தா கச்சேரின்னு சொன்னேளே.’ சொன்னேன். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, ‘உங்க வாயில இல்லேங்கற வார்த்தை வரணும்னா அதுக்கும் ஒரு ஆபரேஷன்தான் பண்ணணும்’ என்றாள், தோசையைத் திருப்பிப் போட்டாள். அவள் அப்பாவின் காலண்டர்தான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். காலண்டர் வாயைத் திறந்து வந்துடறேன் என்று சொல்லவில்லையே என்றாள். யாரையாவது அனுப்புங்கள் என்றாள். மார்கழி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெட்ராஸில் சும்மா இருக்கும் மிருதங்கக்காரன் ஒருத்தன் கிடைத்தால் அவனைப் பட்டாபிக்கு அனுப்பக் கூடாது, ஏன் சும்மா இருக்கிறான் என்று விசாரிக்க வேண்டும். அப்படியே அனுப்பினாலும் தொடையில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது. பட்டாபியின் ரகசியத்தை இன்னொருத்தனிடம் சொல்லவா.

அப்பாடா, சுகந்தா முடித்தாள். நாலு நாற்பத்திரண்டு. கைதட்டல். இனி வயலின். மீனலோசனி தங்கமான பெண், வாசிப்பும் தங்கம், ஆனால் பாடினவர் எடுத்த நேரத்தில் பாதிதான் வயலின் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் அவள் பாடத்தில் விட்டுப்போயிருக்கிறது. மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டுக் கீழே வருவாள் என்று பார்த்தால் அங்கேயே குடித்தனம் பண்ணுகிறாள். ஆஹா. ஜிப்பா பையில் போன் அதிர்கிறது. பட்டாபியாக இருக்கும். அல்லது நாளைக்கு மதியம் ஒத்திகை வைத்திருக்கும் டான்ஸ் டீச்சர், அந்த அம்மாளிடம் நான்கு மணி என்று சொன்னேனா இரண்டு மணி என்று சொன்னேனா. இரண்டு என்றால் இரண்டரைக்கு நான் வேறொரு இடத்தில் ரெக்கார்டிங்கில் இருப்பேன். அல்லது நியூஜெர்ஸியிலிருந்து என்னிடம் போனில் பாடம் கற்கும் பையனின் அம்மா, நேற்றுப் பாடம் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன். ஒருவேளை பட்டாபியேதான். அவன் இப்போது வேஷ்டி கட்டிக்கொண்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, பிளாஸ்கில் சுக்குத் தண்ணியோடு கிளம்பியிருப்பான். அதிர்வு நின்றது. மறுபடி அதிர்கிறது. மேடை ஓரமாகச் சபா செக்ரட்டரி கோபாலரத்னம் கூனிக்கொண்டு வருகிறார், யார் கண்ணிலும் படாமல் வருவதாக நினைப்பு, ஹாலே அவரைத்தான் பார்க்கிறது. சுகந்தாவிடம் ஒரு துண்டுச்சீட்டை வைத்துவிட்டுப் போகிறார். ஏதாவது பாட்டு கேட்டிருப்பார்கள். கேட்கட்டும், சின்னப் பாட்டாகக் கேட்கட்டும். அவள் படித்தாள், புருவத்தைத் தூக்கினாள், முகமெல்லாம் மலர்ந்தது. என் பக்கம் சாய்ந்து சொன்னாள், ‘அடுத்த கச்சேரிக்காரருக்கு ஃப்ளைட் லேட்டாம் சார். ஆறே கால் வரைக்கும் நம்மளையே பாடச் சொல்றார். எனக்கு இப்படி ஒரு நாள் கிடைச்சதே இல்ல.’ ‘பேஷா பாடுங்கோ’ என்றேன். பேஷாவாம். என் வாயை நான் என்ன செய்வது. அதற்கு என் சம்மதமே தேவைப்படுவதில்லை, யார் எதைக் கேட்டாலும் நான் யோசிப்பதற்குள் அது ஒப்புக்கொண்டுவிடுகிறது.

நாலு ஐம்பத்தாறுக்குப் பாட்டை எடுத்தாள், எடுத்து முதல் தட்டு தட்டும்போதே தெரிந்துவிட்டது, இரண்டு களை. ஒவ்வொரு அடியையும் இரண்டிரண்டாகப் போடுகிறாள், பாட்டு இரட்டிப்பு நிதானத்தில் நடக்கும், கல்யாண ஊர்வலத்தில் கிழவர்கள் நடக்கிற மாதிரி. நான் வாசிக்கிறேன். கை வாசிக்கிறது. இந்தப் பாட்டை நான் இவளுக்கு எத்தனையோ தடவை வாசித்தாயிற்று, எங்கே அடக்க வேண்டும், எங்கே நிறுத்தி விட்டுக்கொடுக்க வேண்டும் எல்லாம் விரலுக்குத் தெரியும், அதனால்தான் மண்டை இப்படி ஊரைச் சுற்றுகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவில் கிடைக்கும் இந்த இடைவெளியில் அவளிடம் சொல்லிவிடலாம். ஒரு வரிதான். ஆறு மணிக்கு நான் ஆதம்பாக்கத்தில் இருந்தாக வேண்டும் சுகந்தா, மன்னிச்சுக்கோங்கோ. இதைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும். ஆனால் பாடுகிறவரிடம் எனக்கு அடுத்த கச்சேரி இருக்கிறது என்று மேடையில் சொல்லக் கூடாது. சொன்னால், உன் கச்சேரி எனக்கு வழியில் வந்த ஒரு ஸ்டாப்பிங் என்று சொன்ன மாதிரி. காலையிலேயே சொல்லியிருக்கலாமே, பட்டாபிக்கு என்னை விட்டால் ஆள் இல்லை, நீ வேறு யாரையாவது வைத்துக்கொள் என்று. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் வேறு யாரையாவது வைத்துக்கொண்டிருப்பாள், அதுதான் பயம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் ஜுரம், அவருக்குப் பதிலாக ஒரே ஒரு நாள் வாசிக்க வந்தவன் நான். அவர் ஜுரம் நாலாம் நாள் இறங்கிவிட்டது. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவரை எங்கேயாவது பார்த்தால் இன்றைக்கும் நான் ஏதாவது தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். வேலை என்று ஒன்று இல்லாதவனுக்கு இதுதான் வேலை, கூப்பிட்டால் போக வேண்டும், ஒரு தடவை போகாவிட்டால் அந்த இடத்தில் ஒருத்தன் உட்கார்ந்துவிடுவான், உட்கார்ந்தவன் நன்றாகவும் வாசித்துவிடுவான். பட்டாபி மட்டும்தான் இந்தக் கணக்கு தெரியாதவன். அவனுக்கு மார்க்கெட் உச்சத்தில் இருந்தபோது ஒரு பெரிய சபாவில் எனக்குப் பதில் இன்னொருவரைப் போட்டார்கள். ‘சௌரிராஜன் இல்லேன்னா நானும் இல்லே’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டான். அடுத்த மூன்று வருஷம் அந்தச் சபா அவனைக் கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவன் ஒரு நாளும் பேசினதில்லை, பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஐந்து எட்டு. ஸ்வரம் போடுகிறாள். மீனலோசனி பதில் போடுகிறாள், நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடுகிறேன். இதற்கு அப்புறம் தனி. தனி என்றால் பாட்டும் வயலினும் ஓய்ந்து, மிருதங்கம் மட்டும் தாளத்தோடு பேசுகிற நேரம். கச்சேரியில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். ஜனங்களுக்கு அது காபி குடிக்கிற நேரம். சுகந்தா நல்லவள், தன் கச்சேரி நேரத்தில் குறைய வேண்டியது என்று வந்தால் மட்டும் முதலில் தனியில்தான் கை வைப்பாள். ஏழு நிமிஷம் ஆனதும் கண்ணால் ஒரு ஜாடை காட்டுவாள், எட்டாவது நிமிஷம் நான் முடித்துவிட வேண்டும். பதினொரு வருஷத்தில் பத்து நிமிஷம் தாண்டினது கிடையாது. விமர்சனத்தில் எழுதுவார்கள், சௌரிராஜனின் மிருதங்கம் பக்கபலமாக அமைந்தது. வருஷா வருஷம் அதே வரி, ஒரு எழுத்து மாறாது. வீட்டில் விடியற்காலையில் உட்கார்ந்து நான் கட்டி வைத்திருப்பதையெல்லாம் வாசிக்க ஒரு மேடையும் கிடைத்ததில்லை. வேதவல்லியும் எதிர் ஃபிளாட்டுக்காரரும்தான் கேட்டிருக்கிறார்கள், எதிர் ஃபிளாட்டுக்காரர் அசோசியேஷனில் புகாரும் கொடுத்திருக்கிறார். சரி, இன்றைக்கு ஏழு நிமிஷம்தான் வேண்டும். இன்றைக்கு மட்டும் அவள் ஜாடை காட்டினால் காலில் விழுந்து கும்பிடுவேன். ஏழு நிமிஷத்தில் தனியை முடித்து, அவள் பாட்டை முடித்ததும் சொல்லிவிடுகிறேன். சொல்லத்தான் போகிறேன். வார்த்தையெல்லாம் தயார். சுகந்தா, ஒரு விஷயம். சுகந்தா, தப்பா நினைச்சுக்கப்படாது. சுகந்தா, என் மாமனார் திருக்கணிதம். சே, அது வேண்டாம். மிருதங்கம் இல்லாமலே இரண்டு சின்ன உருப்படியும் மங்களமும் பாடலாம், யாரும் செத்துப்போக மாட்டார்கள். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறேகால். பட்டாபி கால் மணி சமாளிப்பான். கால் மணி அடைக்காமல் இருக்குமா. ராமர் கோயில்தானே, ராமர் பார்த்துக்கொள்ளட்டும். எல்லாரும் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்போது ராமர் மட்டும் எனக்காக மெனக்கெட வேண்டும்.

ஐந்து இருபது. ஸ்வரம் முடிந்து கைதட்டல் இன்னும் அடங்கவில்லை, சுகந்தா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள், ‘சௌரி சார், இத்தன வருஷமா உங்க கையைக் கட்டிப் போட்டுட்டேன், எனக்கே தெரியும். இன்னிக்கு அரை மணி எடுத்துக்கோங்கோ. நான் ஜாடை காட்ட மாட்டேன்.’ ‘ஆகட்டும்’ என்றேன். மடையா. சரி, பன்னிரண்டு நிமிஷம். அவளுக்கும் திருப்தியாக இருக்கட்டும், பன்னிரண்டே நிமிஷம், ஐந்து முப்பத்திரண்டுக்குக் கடைசி அடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன். அவள் தாளத்தைப் போட ஆரம்பித்தாள், நிதானமாக, இரண்டிரண்டாக. மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் ஒரே ஒரு அடி வைத்து விட்டேன். அது கேட்டு அடங்கும் வரை காத்திருந்தேன். காபிக்காக எழுந்தவர்களில் ஒருவர் பாதி வழியில் நின்றார். இன்னொரு அடி. இரண்டு அடிக்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது, ஏழு நிமிஷத்தில் தெரிந்ததே இல்லை, ஓடிக்கொண்டே இருப்பேன். இன்றைக்கு நடந்து போகலாம். வலது கை மெதுவாக உள்ளே வந்தது. நின்றவர் காலியாயிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழு ஏழாகப் பிரித்தேன். ஏழு, தாளத்தின் மேல் சரியாகப் பொருந்தாமல் நகர்ந்து நகர்ந்து போய், தொலைந்துவிட்டது என்று நினைக்கும்போது வந்து சேரும். வந்து சேர்ந்தது. மீனலோசனி வில்லை மடியில் வைத்துவிட்டு அவளும் தாளம் போட்டாள். அதையே ஐந்தாகப் பிரித்தேன். போன வருஷம் ஐப்பசி மழையில் கட்டினது ஒன்று இருந்தது, வந்தது. அதற்குப் பின்னால் கட்டாதது ஒன்று வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, விட்டேன், போயிற்று, திரும்பி வந்தது. தொப்பி பேசினால் வலந்தலை பதில் சொன்னது. சத்தம் குறைந்தது, இன்னும் குறைத்தேன், ஹாலில் மின்விசிறி ஓடுவது கேட்டது. அதிலிருந்து ஏறினேன். கடைசியில் மூன்று தடவை வரும் முடிப்பு, முதல் தடவை, இரண்டாம் தடவை, அவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, கூடவே கையால் போடுகிறார்கள், மூன்றாம் தடவை வந்து சுகந்தா தட்டின தட்டின் மேல் சரியாக விழுந்தது.

எழுந்து நின்றுகூடச் சில பேர் கைதட்டினார்கள். சுகந்தா பாட்டின் முதல் வரியைத் திரும்ப எடுக்க வேண்டியவள் எடுக்காமல் கை கூப்பிக்கொண்டிருந்தாள். வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு. முப்பத்திரண்டு நிமிஷம். முப்பத்திரண்டு நிமிஷம் தனி வாசித்திருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், வீட்டுக்குப் போனதும் வேதவல்லியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அதற்குப் பிறகுதான் ஐந்து ஐம்பத்திரண்டு என்றால் ஆறு ஆக எட்டே நிமிஷம் என்று உறைத்தது. பட்டாபி. முப்பத்திரண்டு நிமிஷமாக அவன் என் மண்டையில் இல்லை. நாள் முழுக்க நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தவன், சாப்பிடும்போதுகூட விடாதவன், எங்கே போனான் என்றே தெரியாமல் போயிருந்தான். மறந்துபோனேன். டிராஃபிக் இல்லை, செக்ரட்டரி இல்லை, பஞ்சாங்கம் இல்லை. கடிகாரம் நேர் எதிரே இருந்தது, அதை மறைத்தவர் யாரும் இல்லை. சுகந்தா பாட்டை முடித்தாள். இப்போது சொல்லலாம் என்று திரும்பினால் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் இன்னொன்று. நான் வாசித்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாசித்தேன்.

ஆறு பதினெட்டுக்குப் பின்வாசலுக்கு வந்து ஆட்டோவில் ஏறினேன். ‘இன்னா சார், அஞ்சு இருபதுன்னீங்க’ என்றார் டில்லிபாபு. போனில் பதினான்கு தவறிய அழைப்பு, எல்லாம் பட்டாபி. பாடிக்கொண்டிருப்பான், எடுக்க மாட்டான் என்ற தைரியத்தில்தான் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் ஸ்ருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

‘எங்கடா இருக்கே? மேடையில உக்காந்துண்டு எல்லாரும் உனக்காகத்தான் காத்துண்டிருக்கோம்.’

‘மயிலாப்பூர்லடா.’

‘மயிலாப்பூர்லயா? சுகந்தா கச்சேரியா?’

‘ஆமா. தேதியில ஒரு குழப்பமாயிடுத்து. இங்க அவளுக்கு டைம் நீட்டிட்டா, நான்...’

‘தனி எவ்வளவு குடுத்தா?’

பாட்டுக்காரன், அவனுக்கு வேறு எதையும் கேட்கத் தேவையில்லை. காலையிலிருந்து யார் யாரிடமோ என்னவெல்லாமோ சொன்ன வாய், இதற்கு மட்டும் பொய் சொல்ல வராமல் நின்றது. ‘முப்பத்திரண்டு நிமிஷம்.’

‘நன்னா வந்துதா?’

‘நன்னா வந்துது பட்டாபி.’

‘சரி’ என்றான். ‘அவசரப்பட்டு வராதே. நான் ஆரம்பிச்சுடறேன், இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு.’

‘அடைச்சுதுன்னா என்னடா பண்ணுவே?’

‘அடைச்சா நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். தெறந்தப்புறம் பாடறேன். எல்லாரும் பாக்கட்டுமே, என்ன இப்போ’ என்றான். அவன் குரலில் கோபத்தைத் தேடினேன், துளி இல்லை. வைத்துவிட்டான்.

டில்லிபாபு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ‘ஆதம்பாக்கம் போறதுக்குள்ள ஏழு தாண்டிடும் சார். இன்னா, வீட்டுக்கு வுட்றட்டா?’

‘இல்ல, அங்கேயே போங்க’ என்றேன்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம், என் கையில் அந்தச் சந்தோஷம் இன்னும் இறங்காமல் இருந்தது. மந்தைவெளி சிக்னலில் வண்டி நின்றபோதுதான் கவனித்தேன், நான் முழங்காலில் அந்த முடிப்பையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்து இன்னொரு கைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.